ஈரத்துண்டு போட்டுச் சேர்த்த சுருதி

என் தங்கை ஜெயித்த கதையை யார் கேட்டாலும் முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்: அந்த வெற்றியில் பாதி எனக்குச் சேர வேண்டியது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். எனக்குப் பாட்டு வராது என்பது ஊரறிந்த விஷயம்தான். சின்ன வயதில் எங்கள் இருவரையும் பாட்டு வகுப்பில் சேர்த்தார்கள். முதல் வாரமே பாட்டு டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, "பெரியவள வீட்டுலயே வெச்சுக்கங்க. இவ ஒருத்தி பாடினா மொத்த வகுப்பும் இவ பின்னாடியே போயிடுது" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். என் சங்கீதம் அன்றோடு சரி. தங்கை மட்டும் தொடர்ந்து போனாள், அப்பாவுக்கு முடியாமல் போய்க் கடைக்கு ஆள் தேவைப்படும்வரை.

எங்களுடையது சலவைக்கடை. ஹோட்டல் விரிப்புகள், துண்டுகள், ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். முன்னால் கவுண்டரில் நான். பின்னால் மெஷின்களோடு அவள். துவைக்கிற மெஷின்கள் ஒரு சுவரோடு வரிசையாக நிற்கும். எதிர்ச் சுவரில் ட்ரையர் இரண்டு. ஒன்று ஆள் உயரம், இன்னொன்று இடுப்பளவு. அவற்றுக்குப் பெரியவர், சின்னவர் என்று பெயர் வைத்தது நான்தான். எதிர்த்துப் பேசாமல் வேலை செய்கிற ஆண்கள் அந்தக் கடையில் அவர்கள் இருவர்தான், மரியாதை கொடுக்க வேண்டாமா?

தங்கைக்குக் காதுதான் கை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலையைச் சாய்த்து, "பெல்ட் தேஞ்சிருக்குக்கா, அடுத்த வாரம் அறுந்துடும்" என்பாள். அறுந்துவிடும். கல்யாணம் பேசப் பலமுறை பார்த்தோம். "பெரியவரையும் சின்னவரையும் விட்டுட்டு எங்க போறது" என்று சிரித்து மழுப்பிவிட்டாள். துணி மடிக்கும்போது ஏதாவது முனகிக்கொண்டே இருப்பாள். கவுண்டரில் ஆள் நிற்கிற நேரமாகப் பார்த்துச் சத்தம் கூடும். "வாய மூடிக்கிட்டு மடிடி" என்று நான் இங்கிருந்து கத்துவேன். கொஞ்சம் குறையும். பிறகு மறுபடி கிளம்பிவிடும். இப்படியே வருஷக்கணக்காக எங்கள் பிழைப்பு நடந்தது.

இதற்கு நடுவில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம் வந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இணையத்தில் சங்கீதப் புதிர் போடுகிறார். எல்லோரும் அவரைப் புதிர்க்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாட்டின் ஒரு துணுக்கைப் போட்டு ராகம் கேட்பார். சத்தமே இல்லாமல் தாளம் போடுகிற கையை மட்டும் காட்டி என்ன தாளம் என்பார். ஒரு பாட்டை ஏழெட்டாக வெட்டிக் குலுக்கிப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்வார். ஒருமுறை ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டு, நடுவில் தும்மியது வயலின்காரரா மிருதங்கக்காரரா என்று கேட்டாராம். இதற்கும் அடித்துக்கொண்டு பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அங்கேதான் அவளுக்கு மூன்று சிநேகிதர்கள் கிடைத்தார்கள். ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், ஒரு கணக்கு டீச்சர். ஆளுக்கொரு ஊர். நேரில் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் ஞாயிறு காலை திரையில் நான்கு முகமும் வந்துவிட்டால், கூடப் பிறந்தவர்கள் தோற்றார்கள். தங்கள் அணிக்கு நாலு அபஸ்வரம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். என் தங்கையை அவர்கள் சோப்பு என்று கூப்பிடுவார்கள். "சோப்பும்மா, இது என்ன தாளம்னு சொல்லுங்க, எனக்கு பஸ் கெளம்பற நேரமாச்சு" என்று டிரைவர் ஒருநாள் பஸ் நிலையத்திலிருந்தே கேட்டது எங்கள் கடை முழுக்கக் கேட்டது. பஸ்ஸை நிறுத்தி வைத்துத்தான் பேசுகிறேன் என்று பிறகு சத்தியம் செய்தார்.

ஞாயிறு எங்களுக்கு வேலை நாள். ஹோட்டல் துணி அன்றுதான் குவியும். அதனால் அவள் கடையின் பின்னறையிலேயே, துணி மடிக்கிற மேஜையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு விளையாடுவாள். ஒரு காதில் இயர்போன். இன்னொரு காது மெஷினுக்கு, வேலை முடிந்தால் அது கத்தும் என்பதற்காக. அவள் பக்கத்து இரைச்சல் மற்றவர்களுக்குக் கேட்காது. பேச்சை மட்டும் விட்டுவிட்டு மற்ற சத்தத்தையெல்லாம் அந்த ஆப் வடிகட்டிவிடுமாம். கணக்கு டீச்சர் வீட்டுப் பக்கத்தில் ஒருநாள் யாரோ சுவரில் ஓட்டை போட, ஒன்றும் கேட்கவில்லை, இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்று அவர் கெஞ்சினார். புதிர்க்காரர் அசையவில்லை. "சுருதிப் பெட்டி கூடாது, வாத்தியம் கூடாது, அணிக்கு வெளிய யாரையும் கேக்கக் கூடாது. மத்தபடி உங்க வீட்டுச் சத்தம் உங்க தலையெழுத்து. அதுல நான் தலையிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில மாதம் என் தங்கை போட்ட போடு இருக்கிறதே! துணுக்கு ஆரம்பித்து மூச்சு விடுவதற்குள் ராகத்தைச் சொல்லிவிடுவாள். "நீங்க மனுஷியா மெஷினா?" என்று டாக்டர் கேட்டார். அன்றைக்கு முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை. நான் கொடுத்த காப்பியில் சர்க்கரை இல்லாததைக்கூடக் கவனிக்கவில்லை.

பிறகுதான் புதிர்க்காரர் அந்தப் புதுச் சுற்றைக் கொண்டுவந்தார். வழக்கமாகப் பாட்டுக்குப் பின்னால் தம்புரா ஒரே சீராக ஒலித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டு, வெறும் குரலையோ குழலையோ மட்டும் போட்டு ராகம் கேட்க ஆரம்பித்தார். இதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. தங்கை எனக்கு விளக்கியது இதுதான்: "அவர் போடற ராகத்துல வர்ற அஞ்சு ஸ்வரமும் ஒரு தெருவுல இருக்கற அஞ்சு வீடு மாதிரிக்கா. எந்த வீட்ட நம்ம வீடுன்னு நெனச்சுக் கெளம்புறோமோ, அதப் பொறுத்து ராகமே மாறிடும். தம்புராதான் இது நம்ம வீடுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அது இல்லன்னா நாமளே கண்டுபிடிக்கணும்."

அவள் கண்டுபிடிக்கவில்லை. மோகனத்தை ஹிந்தோளம் என்றாள். மற்ற மூவரும் வாயைப் பிளந்தார்கள். சரி, தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த வாரமும் தப்பு. அதற்கடுத்த வாரம், சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் என்று டீச்சர் சொன்ன ஒன்றில் தப்பு. புதிர்க்காரரின் கணக்கில் தப்பான பதிலுக்கு மதிப்பெண் குறையும். முதலிடத்தில் இருந்த அணி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. பின்னாலேயே மாமியார் மருமகள் அணி வந்து ஒட்டிக்கொண்டது. அவர்கள் நிஜமாகவே மாமியாரும் மருமகளும்தான். உப்பு முதல் கதவுத் தாழ்ப்பாள் வரை எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள், ராகம் என்று வந்துவிட்டால் மட்டும் ஒரே வாய்.

தங்கை காது டாக்டரிடம் போனாள். அவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "இந்தக் காத வெச்சுக்கிட்டு எதுக்கு இங்க வந்தீங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். அதற்குச் சந்தோஷப்பட வேண்டாமா? அவள் இன்னும் சோர்ந்துபோனாள். "காது நல்லா இருக்குன்னா, உள்ள இருக்கறதுதான் போச்சுக்கா" என்றாள். அன்றிலிருந்து முனகலை நிறுத்திவிட்டாள். ஒரு நாள், இரண்டு நாள் நிம்மதி என்றுதான் நினைத்தேன். அப்புறம் பொறுக்கவில்லை. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது காது தானாகப் பின்னறைக்குப் போகும். மெஷின் சத்தத்தைத் தவிர அங்கே ஒன்றும் இருக்காது. உள்ளே எட்டிப் பார்த்தால் வாயை இறுக்க மூடிக்கொண்டு மடித்துக்கொண்டிருப்பாள். நான் எத்தனை முறை கத்தியிருக்கிறேன் அந்த வாயை மூடச் சொல்லி. இப்போது மூடியிருந்ததைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இறுதிப் போட்டி வந்தது. கடைசிச் சுற்றுக்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர். அணிக்கு ஒரே ஒருவர், தனியாகப் பதில் சொல்ல வேண்டும். யார் என்பது முறைப்படி வரும், மாற்ற முடியாது. இந்த முறை என் தங்கையின் முறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பல் டாக்டர் போன் செய்தார். கையில் துணி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். நல்ல மனிதர், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பல்லைப் பிடுங்கும் முன் பேசுகிற அதே இனிமையோடு பேசினார்.

"சோப்பும்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நாம ஒரு அடி முன்னால இருக்கோம். உங்க முறை வரும்போது விட்டுடறேன்னு சொல்லிடுங்களேன். விட்டா மார்க் குறையாது. தப்பாச் சொன்னாத்தான் குறையும்."

"டீச்சரும் அதான் சொன்னாங்களா?"

"எல்லாரும் பேசினோம். அப்புறம், அடுத்த பருவத்துக்குக் கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கங்க. என் மச்சினி நல்லாப் பாடுவா. உங்க காது சரியாகற வரைக்கும் அவ உக்காந்துக்கட்டும்."

"சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த மச்சினி மட்டும் எதிரில் இருந்திருந்தால் மூட்டையோடு சேர்த்துத் துவைத்திருப்பேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள், அது வேறு விஷயம்.

சனிக்கிழமை மத்தியானம். கடையில் கூட்டம் இல்லை. தங்கை பின்னறையில் உட்கார்ந்து, தான் தப்பாகச் சொன்ன பழைய துணுக்குகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். புண்ணைக் கிளறுகிற வேலை. பெரியவர் ஒரு பாட்டம் விரிப்புகளைக் காயவைத்துக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டது என்று கத்தியபிறகும் ஓடிக்கொண்டே இருந்தார், அவள் எழுந்திருக்கவில்லை. எனக்கு எரிச்சல். உள்ளே போய் நானே மெஷினை நிறுத்தினேன்.

"அக்கா!"

அவள் போட்ட கத்தலில் கையைச் சுட்டுக்கொண்டாளோ என்று பயந்து ஓடினேன். அவள் போனையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"அதப் போடு. பெரியவரத் திரும்பப் போடு."

"காஞ்சுடுச்சுடி. பொசுங்கிப் போயிடும்."

"போடுன்னா போடுக்கா!"

போட்டேன். துணுக்கை ஓடவிட்டாள். "ஹிந்தோளம்" என்றாள். "இப்ப நிறுத்து." நிறுத்தினேன். அதே துணுக்கை ஓடவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். "மோகனம்... அக்கா, மோகனம்!" என்றாள். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். பெரியவர் ஓடும்போது ஒரே சீராக ஒரு ரீங்காரம் வரும். எத்தனையோ வருஷமாக நாள் பூராவும் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது கேட்பதே நின்றுவிட்டது. ஆனால் அவள் காதுக்கு நிற்கவில்லை. பின்னால் தம்புரா இருந்தவரைக்கும் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். தம்புராவை எடுத்ததும், அவளுக்கே தெரியாமல், காலியாக இருந்த இன்னொரு காது பெரியவரைப் பிடித்துக்கொண்டது. அவர் ஒலிக்கிற இடத்தையே தன் வீடு என்று நினைத்துக்கொண்டு அவள் கிளம்பியிருக்கிறாள். தெரு முழுக்கத் தப்பாகத் தெரியாமல் என்ன செய்யும்?

"அப்ப என் மெஷின்தான் குத்தவாளியா?" என்று கேட்டேன்.

"குத்தவாளி இல்லக்கா. ரொம்ப நல்ல தம்புரா. வேற பாட்டுக்கு வாசிச்சிட்டிருந்தார், அவ்வளவுதான்."

பிறகு பெரியவரையும் சின்னவரையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டாள். "பெரியவர் 'ஸா'ன்னா சின்னவர் 'பா', அக்கா! இத்தன வருஷமா ரெண்டு பேரும் சுருதி சேந்துதான் ஓடிட்டிருக்காங்க" என்று குதித்தாள். எனக்கு இரண்டும் ஒரே இரைச்சல்தான். இருந்தாலும் என் மெஷின்களைப் பற்றி நல்லபடியாகச் சொல்கிறாளே என்று பெருமையாக இருந்தது.

"இப்பவே அந்த டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லு" என்றேன்.

"வேணாம். சொன்னா சாக்குன்னு நெனப்பாங்க. நாளைக்குப் பதில் சொல்லிக் காட்டறேன்."

ஞாயிறு காலை எல்லா மெஷினையும் நிறுத்தினோம். கடை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஹோட்டல்காரர் வந்து ஈரத் துண்டு மூட்டையைப் போட்டுவிட்டு, "ஏங்க, கரண்ட் இல்லையா?" என்று கேட்டார். "இருக்கு. உங்க துண்டு சாயங்காலம் கெடைக்கும். சத்தம் போடாமப் போங்க" என்றேன். பாவம், நுனிக்காலில் நடந்து போனார். நானும் கவுண்டரை விட்டுவிட்டுப் பின்னறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். மெஷின் எதுவும் ஓடாததால் அன்று அவள் இயர்போனை மாட்டாமல் ஸ்பீக்கரிலேயே போட்டிருந்தாள்.

மற்றச் சுற்றுகளில் ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை. ஒரு அடி முன்னால் இருந்தவர்கள் ஒரு அடி முன்னாலேயே இருந்தார்கள். கடைசிச் சுற்று வந்தது. புதிர்க்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது வெறும் புல்லாங்குழல். வாசிச்சவர் காதுல மட்டும் ஒரு சுருதி குடுத்தேன். பாதியில அந்தச் சுருதிய மாத்திட்டேன். ஆனா அவர் வாசிச்சது கடைசி வரைக்கும் அதே அஞ்சு ஸ்வரம்தான். முதல் பாதி என்ன ராகம், ரெண்டாவது பாதி என்ன ராகம்? மணல் கடிகாரம் தீர்ற வரைக்கும் எத்தன தடவ வேணும்னாலும் கேட்டுக்கலாம்."

டிரைவர் விசில் அடித்தார். டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். முதலில் மருமகளின் முறை. மாமியார் வாயைத் திறக்கக் கூடாது என்பதால் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு கண்ணாலேயே மருமகளைத் தின்றுகொண்டிருந்தார். மருமகள் பதிலைப் புதிர்க்காரருக்கு மட்டும் எழுதி அனுப்பினாள். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு. எதுன்னு இப்பச் சொல்ல மாட்டேன். பாதி மார்க்" என்றார். அந்தப் பாதியில் இரண்டு அணியும் சமமாகிவிட்டன.

"விட்டுடுங்க சோப்பும்மா" என்று டாக்டர் அவசரமாகச் சொன்னார். "சமம் போதும். கோப்பைய ஆளுக்குப் பாதி வெச்சுக்கலாம்."

"அவங்க முறை, அவங்க முடிவு பண்ணட்டும்" என்றார் டிரைவர்.

தங்கை திரையை நேராகப் பார்த்தாள். "நான் பதில் சொல்றேன்" என்றாள்.

புதிர்க்காரர் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தார். அவள் கேட்டாள். மறுபடி கேட்டாள். முகம் மாறியது. எனக்குப் புரிந்துவிட்டது, சிக்கவில்லை. சுருதிக்காகத் தானே முனகிப் பார்த்தாள். முனகல் ஒரு இடத்தில் நிற்காமல் குழலோடு சேர்ந்து மேலும் கீழும் போனது. நடுவில் எங்கே மாறுகிறது என்று பிடிக்கப் போனால் கையை விட்டு நழுவியது. மணல் பாதி இறங்கிவிட்டது. டாக்டர் திரையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் நகம் கடிக்கலாமா என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

திடீரென்று அவள் தலையைச் சாய்த்தாள். பெல்ட் தேய்ந்ததைக் கண்டுபிடிக்கும்போது சாய்ப்பாளே, அதே சாய்ப்பு.

"அக்கா, பெரியவரப் போடு!"

"என்னடி சொல்ற? அவராலதானே எல்லாக் கூத்தும்!"

"இந்தக் குழல் வந்து உக்கார்ற எடம் அவருக்குப் பக்கத்துலதான்க்கா. போடு!"

ஓடிப் போய்ப் போட்டேன். பெரியவர் உறுமினார். அவள் துணுக்கை ஓடவிட்டு உதட்டைக் கடித்தாள். "கொஞ்சம் தூக்கலா இருக்கு. வெறும் வயித்துல ஓடறார். எதையாவது உள்ள போடு, கனமா!"

ஹோட்டல்காரரின் மூட்டை காலடியிலேயே இருந்தது. கதவைத் திறந்தேன், மெஷின் நின்றது. ஈரத்துண்டு ஒரு கை அள்ளிப் போட்டேன், மூடினேன், ஓடியது.

"இன்னும் கொஞ்சம் எறக்கு!"

திற, போடு, மூடு, ஓட்டு. தலை கலைந்து முன்னால் விழுந்தது. ஏப்ரன் நனைந்து ஒட்டிக்கொண்டது. சமையலுக்கு உப்புப் பார்க்கிற மாதிரி நான் அந்த மெஷினுக்குத் துண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ஒரே ஒரு துண்டு... ஆ! போதும், போதும்! அப்படியே நில்லு!"

நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன். முதல் பாதி ஓடியது. அவள் முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் பிரிந்தது. இரண்டாவது பாதி வந்ததும் முகம் சுளித்தாள். "இங்க இவர் இல்ல. நிறுத்து. சின்னவர்! சின்னவருக்கும் ரெண்டு துண்டு!"

இதெல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் திரையில் எல்லோருக்கும் தெரிந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு மாமியாரின் குரல் கேட்டபிறகுதான் உறைத்தது. "இது அநியாயம்! சுருதிப் பெட்டி கூடாதுன்னு சொன்னீங்கல்ல?"

"அது சுருதிப் பெட்டி இல்லீங்களே" என்றார் புதிர்க்காரர். தோள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். "துணி காயவைக்கற மெஷின் வாத்தியம்னு நான் எங்கயும் கேட்டதில்ல. நான் முன்னாடியே சொல்லியிருக்கேன். உங்க வீட்டுச் சத்தம் உங்க தலையெழுத்து. இது அவங்க தலையெழுத்து."

மருமகள் பக்கத்திலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. மாமியார் திரும்பி முறைத்தார்.

சின்னவர் ஓடினார். இரண்டாவது பாதி. தங்கையின் கை தானாக எழுந்து தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. கடைசி மணல் விழுவதற்குள் எழுதி அனுப்பிவிட்டாள். போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். என் கை ஈரம் அவள் சட்டையெல்லாம் ஆனது.

புதிர்க்காரர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அந்த மனிதருக்கு எத்தனை அவகாசம்! ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கக் கூடாதா?

"முதல் பாதி சுத்த சாவேரி. ரெண்டாவது பாதி மத்யமாவதி" என்றார். "ரெண்டும் சரி. முழு மார்க். ரெண்டையும் பிடிக்க ஆள் இருக்காதுன்னு நெனச்சுத்தான் இந்தப் புதிரையே பண்ணினேன்."

டிரைவர் போட்ட கூச்சலில் போன் மேஜையிலிருந்து சறுக்கி விழுந்தது. எடுத்து நிறுத்தினால் டீச்சர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறார், திரையில் அவர் வயிறு மட்டும் தெரிகிறது. நான் என் தங்கையைக் கட்டிக்கொண்டேன். "ஜெயிச்சுட்டடி! என் தங்கம், ஜெயிச்சுட்டடி!" என்று கத்தினேன். என் குரல் எந்த ஸ்வரத்தில் இருந்ததோ, யாரும் குறை சொல்லவில்லை.

தங்கை அவர்களுக்குப் பெரியவரின் கதையைச் சொன்னாள். ஒரு காது இயர்போன், இன்னொரு காது மெஷின், நேற்று நான் நிறுத்தியது, மோகனம் தெரிந்தது, எல்லாம்.

"சோப்பும்மா, நான் கேட்டிருக்கணும். என்ன நடக்குதுன்னு கேக்காம ஓய்வு எடுங்கன்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க" என்றார் டாக்டர். "என் மச்சினிக்கு வேற ஏதாவது அணி பாத்துக்கறேன்."

"அவங்க வரட்டும் டாக்டர்" என்றாள் தங்கை. "எங்க அக்காவுக்கு உதவிக்கு ஆள் வேணும். துண்டு அள்ளிப் போட."

புதிர்க்காரர் முன்னால் சாய்ந்தார். "அதெல்லாம் இருக்கட்டும். அந்தத் தம்புராக் கலைஞரக் கொஞ்சம் முன்னால வரச் சொல்லுங்க. நாங்க சரியாப் பாக்கல." நான் வரமாட்டேன் என்று எவ்வளவோ சொன்னேன். தங்கை இழுத்து உட்கார வைத்துவிட்டாள். ஈர ஏப்ரனும் விரிந்த தலையுமாக நான் திரையின் ஐந்தாறு கட்டத்துக்குள் ஒரு கட்டத்தில் தெரிந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். மாமியார்கூடத் தட்டினார், கொஞ்சம் மெதுவாக. பாட்டு வகுப்பிலிருந்து துரத்தப்பட்டவளுக்குக் கிடைத்த கைதட்டல் இது. அந்தப் பாட்டு டீச்சர் எங்கே இருந்தாலும் அவர் காதுக்குப் போய்ச் சேரட்டும்.

சாயங்காலம் ஹோட்டல்காரர் வந்தபோது அவர் துண்டுகள் இன்னும் மேஜையில் மலையாகக் கிடந்தன. பெரியவரில் அடுத்த பாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே தெரியாமல் மெதுவாக முனகல் ஆரம்பித்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு துண்டு, இரண்டு துண்டு மடித்திருப்பாள், கவுண்டரில் ஆள் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

"ஏன் நிறுத்தின?" என்று கேட்டேன். "பெரியவர் ஓடிக்கிட்டுத்தானே இருக்கார். பாடு."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முனகவில்லை, வாய்விட்டே பாடினாள். ஹோட்டல்காரர் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றார். மிச்சத் துண்டுகளை அன்றைக்கு நான்தான் மடித்து முடித்தேன்.